பம்பைக்கு ஒரு பரீட்சை

"பம்பைச் சத்தம் நல்லாத்தான இருக்குது கோகிலா? இன்னைக்கே வெளியிட்டுரு" என்றான் மாதேசன்.

அத்தனை வாத்தியங்களையும் கம்ப்யூட்டரிலேயே வாசிக்கிற ஒரு மென்பொருளை, அரூர் வீட்டிலிருந்தபடியே உருவாக்கியிருந்தாள் அவன் மனைவி கோகிலவாணி. பாக்கி இருந்தது பம்பை மேளம் மட்டும்தான்.

"நீங்க சொன்னா ஆச்சுங்களா? பக்கத்து வூட்டுத் தீர்த்தம்மாக்கா சொல்லணும். நெசப் பம்பையக் கேட்டா அவங்களுக்குச் சாமி வந்துரும். என் பம்பைக்குக் கொட்டாவிதாங்க வருது."

ஒலியை மறுபடியும் திருத்தினாள். ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்பி, விசையை அழுத்திப் பிடித்தாள். இதுவரை இல்லாத உயிரோடு அதிர்ந்தது பம்பை. பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டது. தலைவிரிகோலமாகத் தீர்த்தம்மாள் வாசலுக்கு ஆடிக்கொண்டே வந்தாள்.

"வந்துருச்சுங்க! சாமி வந்துருச்சு!"

விசையிலிருந்து விரலை எடுத்துக் கைதட்டினாள் கோகிலவாணி.

பம்பை நிற்கவில்லை.

ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பம்பைக்காரர்கள் முன்னே அடித்துவர, மாரியம்மன் கரகம் அவர்கள் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

சட்டென்று மாதேசன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நிக்காதீங்க! சாமி மலையேறதுக்குள்ள அந்தப் பம்பையப் பதிவு பண்ண மைக்க எடுத்துக்கிட்டு ஓடுங்க!"