அருகம்புல் பட்டை

மலையைச் சுற்றி இரண்டு நாள், எட்டுச் சுற்று சைக்கிள் பந்தயம். அணிக்கு மூவர், யார் எத்தனை சுற்று ஓட்டுவது என்பது அவர்கள் பாடு. ஓட்டுபவர் கழுத்தில் அருகம்புல்லால் பின்னிய பட்டை இருக்கும். முடிவில் அதைக் காட்டினால்தான் பரிசு.

முதல் சுற்றை முடித்த வெள்ளாடு பட்டையை நீட்டியது.

“எனக்குத் தொடை பிடிச்சுக்கிச்சு. நீயே இன்னொண்ணு போயேன்,” என்றது குரங்கு, கிளையில் தொங்கியபடி.

அடுத்த முறை மயில், “மேகம் கறுக்குது. மழை வந்தா நான் ஆடியாகணுமே!” என்றது.

“எனக்கு மழையே ஆகாதுடா!” என்றது வெள்ளாடு.

“அணிக்காகத்தானே அக்கா!”

சேற்றில் விழுந்து எழுந்து, எட்டுச் சுற்றையும் வெள்ளாடே ஓட்டி முதலாவதாக வந்தது. அணியின் கூடாரத்தில் சாப்பிட ஒரு தழைகூட மிச்சமில்லை.

“எனக்கு ஒரு வாய் வைக்கலையா?”

“சாப்பாடு எங்கே ஓடிப்போகுது? நாமதான் ஜெயிச்சிருக்கோம்! பட்டையைக் கொடு, மேடையில கூப்பிடுறாங்க. நீ முகம் கழுவிட்டு மெதுவா வா,” என்றது மயில், தோகையைக் கோதியபடி.

வெள்ளாடு குனிந்து பட்டையின் நுனியைக் கடித்தது.

“ஐயோ, அது நம்ம பரிசு!” என்று குரங்கு கத்துவதற்குள் பாதி உள்ளே போயிருந்தது.

“கத்தாதே தம்பி,” என்றது வெள்ளாடு, மீதியை மென்றபடி. “அணிக்காகத்தான் சாப்பிடுறேன்.”