வெண்கலத் தொண்டை வார்டர்

"எந்திரிடா சோம்பேறி! சூரியன் உச்சிக்கு வந்தாச்சு, இன்னும் என்ன படுக்கை?"

தனிக்கொட்டடிப் பக்கமிருந்து வந்த சத்தத்தில், ஆய்வுக்கு வந்திருந்த நீதிபதியம்மாவின் கையிலிருந்த டீ தளும்பியது.

யாரையும் பதினாலு நாளுக்கு மேல் தனியாக அடைக்கக்கூடாது என்பது சட்டம். அதைச் சரிபார்க்கத்தான் வந்திருந்தார்.

"யாரு அது?"

"நம்ம வார்டர்தாம்மா. வெண்கலத் தொண்டை," என்று நெளிந்தார் சிறைக் கண்காணிப்பாளர். "காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் திட்டுதான். பிறவிக் குணம். உள்ளே இருக்கிறவனுக்கு இன்னைக்கு ஒன்பதாம் நாள். பாவம்!"

"பாவம்னு சொல்லிட்டுச் சும்மா இருக்கீங்களா?"

விடுவிடுவென்று நடந்தார் நீதிபதியம்மா. கண்காணிப்பாளர் பின்னாலேயே ஓடினார்.

வார்டர் இவர்களைக் கவனிக்கவே இல்லை. கதவிலிருந்த சின்ன ஜன்னலில் வாயை வைத்து வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"உன் பொண்ணு ஓட்டப்பந்தயத்துல முதலா வந்திருக்காடா! அவளுக்கு இருக்கிற சுறுசுறுப்புல கால்வாசி உனக்கு இருக்கா?"

"எத்தனை பேருய்யா ஓடினாங்க?" உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஏழு பேருடா கழுதை! உன் பெண்டாட்டி ஜெயில் வாசல்ல வந்து சொல்லிட்டுப் போனா. நீ ஒழுங்காச் சாப்பிடலைன்னா அவ என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா. தின்னு தொலை!"

"நிறுத்துங்க!" என்றார் நீதிபதியம்மா. "நீங்கல்லாம் மனுஷனா? சார், இவரை இன்னைக்கே வேற இடத்துக்கு மாத்துங்க."

கதவு உள்ளேயிருந்து படபடவென்று தட்டப்பட்டது.

"அம்மா, அவரை மாத்திடாதீங்கம்மா! கையெடுத்துக் கும்பிடறேன்!"

"உன்னைத் திட்டுறாரேப்பா?"

"திட்டட்டும்மா! ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவு. நாள் பூரா என் மூச்சுச் சத்தத்தையே கேட்டுட்டுக் கிடந்தேன். தினமும் அப்படின்னா பைத்தியமே பிடிச்சிருக்கும் அம்மா!"

நீதிபதியம்மா வார்டரைப் பார்த்தார். கோபம் பாதி வடிந்திருந்தது.

"இதையெல்லாம் அன்பாப் பேசினா என்ன ஐயா, வாய் வலிக்குமா?"

வார்டர் கதவுக்கு மேலே கையைக் காட்டினார். அங்கே ஒரு பலகை தொங்கியது.

'இக்கைதியிடம் காவலர் எவரும் பேசக்கூடாது. கண்டிக்க மட்டும் அனுமதி உண்டு. உத்தரவு: கண்காணிப்பாளர்.'

நீதிபதியம்மா அதை இரண்டு முறை படித்தார். பிறகு, சத்தமில்லாமல் பின்வாங்கிக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார்.

"கண்டிக்க அனுமதி இருக்குல்ல? நீங்க கொஞ்சம் இப்படி வாங்க!"