துறவி வேஷம்

மலாயாவின் ரெங்கம் ஸ்டேஷனில் இறங்கியதும் லெட்சுமணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மறைத்துப் பயனில்லை. எப்படியும் அங்கம்மா பார்க்கத்தான் போகிறாள்.

மொட்டைத் தலையில் எள் அளவுக்கு முடி முளைத்திருந்தது. மீசை இருந்த இடத்திலும் அவ்வளவுதான். மீசையில்லாத அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

மூன்றே மாதம் என்று மனைவி அங்கம்மாவிடம் சொல்லிவிட்டு, பேசும் படத்தில் நடிக்க மதராசுக்குப் போனவன். திரும்பி வரப் பதினாறு மாதம் ஆகிவிட்டது.

தீபாவளிக்குள் வராவிட்டால் என் மகளை மறந்துவிடுங்கள் என்று மாமனார் ஐயாசாமி, ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைப் பிடித்து ஒரு கடிதம் எழுத வைத்திருந்தார். தீபாவளி போய் மாசியும் பிறந்துவிட்டது. இனி அவள் தன்னோடு வருவாளா? கப்பலில் ஏழு நாள், நோய்ச் சோதனைக்காகச் சிங்கப்பூர்த் தடுப்புத் தீவில் ஐந்து நாள், இந்த ஒரு கேள்விதான் அவனைத் தின்றது.

வருவாள். மதராசில் ஒரு போர்ஷன் பார்த்து வைத்திருந்தான், தண்ணீர்க் குழாயோடு. படத்தைப் பற்றியும் சொன்னால் வருவாள்.

முதலில் கூட்டத்தில் ஒருவனாக நின்றான். பிறகு ஈட்டி பிடித்த காவலன். அப்புறம்தான், ராஜா நாட்டைத் துறந்து சாமியாராகும் அந்தப் படம் வந்தது. ரப்பர்த் தொப்பி ஒட்டினால் காமிராவில் மடிப்பு தெரிந்தது. நிஜமாகவே மழிக்க வேண்டும் என்றார்கள். ராஜாவாக நடிக்க வந்த பெரிய நடிகர், அப்பா உயிரோடு இருக்கும்போது தலையும் மீசையும் எடுத்தால் அவருக்கு ஆகாது என்று கிளம்பிப் போய்விட்டார். வேஷம் லெட்சுமணனுக்கு வந்தது.

சாமியார் காட்சிகளைக் கடைசியாக நாகப்பட்டினத்துக் கடற்கரையில் எடுத்தார்கள். முடிந்ததும் மதராசுக்குத் திரும்பாமல் அங்கேயே கப்பலேறிவிட்டான்.

இதையெல்லாம் அவளிடம் எந்த வரிசையில் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி நடந்தான்.

சுமை தூக்கும் மணியம் வந்து டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டான். ஊருக்குப் போன அன்று, "என்ன ராஜபார்ட், கிரீடம் பெட்டிக்குள்ளயா?" என்று கேட்டுப் பிளாட்பாரத்தையே சிரிக்க வைத்தவன். இன்று வாயைத் திறக்கவில்லை. சில்லறையை நீட்டியபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

ஸ்டேஷன் மாஸ்டர் தம்பிராஜா யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆட்களை நிமிர்ந்து பார்க்கமாட்டார். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வாசல்வரை வந்து நின்றார்.

குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். குடங்களை நகர்த்தி வழிவிட்டார்கள்.

லெட்சுமணனுக்கு நெஞ்சு லேசாக விம்மியது. படம் இன்னும் வெளிவரவில்லை. அதற்குள் ஏதோ பத்திரிகையில் போட்டோ வந்திருக்க வேண்டும். மதராசில் அவன் வருவதைப் பார்த்து யாரும் எழுந்ததில்லை.

வெளியே மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் ஐயாசாமி நின்றிருந்தார்.

வியாழன் ரயிலில் வருகிறேன் என்று சிங்கப்பூரிலிருந்து அவருக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தான். வருவார் என்று நினைக்கவில்லை. மாமனாரையே சினிமா கரைத்துவிட்டதே என்று இருந்தது.

அவர் அவன் தலையைப் பார்த்தார். வெறும் உதட்டைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒங்க மேல எவ்வளவோ கோவம் இருந்துச்சு மாப்ள. இந்தத் தலையப் பாத்ததும் போயிருச்சு. அங்கம்மாவுக்குக் காச்சல் கண்டு மூணே நாளுதான். கொள்ளி வெக்க நீங்க இல்லாம, பெத்தவன் நானே வெச்சேன். தந்தி கெடச்ச அன்னிக்கே அங்க முறையா எல்லாம் செஞ்சிட்டீங்களா?"

மாடு வாலை ஒருமுறை வீசியது.

தந்தி. மதராசில், அவன் பூட்டிவிட்டு வந்த அறைக்குள், கதவிடுக்கு வழியாக யாரோ தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். பிரிக்காமல் தரையில் கிடக்கும்.

தலையில் கத்தி வைப்பதற்கு முன் கம்பெனி மானேஜர் அவனையும் கேட்டிருந்தார். அப்பா, அம்மா, சம்சாரம் என்று உயிரோடு யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவிடு, அவர்களுக்கு ஆகாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

யாருமில்லை என்று அவன் சொன்னான்.

ஐயாசாமி பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா, மாமா" என்றான் லெட்சுமணன்.

குரல் சரியான இடத்தில் உடைந்தது.