அகதி முகாமில் ஒரு கோணல் சுவர்

பாலைவனத்து அகதி முகாமில் மாலை வெயில் தேனாக வழிகிறது. நான் அறுத்த மண்கல் ஒவ்வொன்றும் என் மூக்கைப்போலவே கோணல். சுவர் முழங்கால் உயரத்தில் தள்ளாடுகிறது. கூடாரத்து நிழலில் என் மனைவி மினேத்து தேநீரை நுரைக்க நுரைக்க ஆற்றுகிறாள். “சுவர் எழுப்பினா இங்கேயே தங்கிட்டோம்னு ஆயிடும், மனுசா. மேற்கு சஹாரா நம்ம நாடுன்னு உலகம் ஒத்துக்கிற வரைக்கும் கூடாரம்தான்.” “நாடு யாருக்குன்னு தீர்மானிக்க வாக்கெடுப்பு வரும் வரும்னு உங்கப்பா காலத்துலேர்ந்து சொல்றாங்க. ராத்திரியில பிள்ளை குளிர்ல நடுங்குதே.” அவள் மடியில் குழந்தை தும்முகிறது. குவளைகளில் நுரை மெல்ல அடங்குகிறது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சுவரைத் தொட்டுப் பார்க்கிறாள். “வாசலை மேற்கே வை.” “சாயங்கால வெயில் மூஞ்சியில அறையுமேடி!” “அறையட்டும். நம்ம நாட்டுக்குக் கிளம்புறப்போ வீட்டைச் சுத்திக்கிட்டா போறது?”