பதினாலாவது திருத்தம்

"மறுபடியும் செத்தவனுக்கு உயிர் குடுத்துட்டான், படுபாவி!"

நூபியா மடிக்கணினியைப் படாரென்று மூடினாள். பர்ராங்கியா நகர நூலகத்தின் மாடியறை. இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர்கள் சனிக்கிழமை காலையில் கூடும் இடம்.

அக்கார்டியன் வித்வான் எலியேசர் பெர்தூகோவைப் பற்றிய பக்கத்தில்தான் சண்டை. 'மறைந்தார்' என்பதைப் பெயர் சொல்லாத ஓர் ஆள் அழிப்பதும், நூபியா திரும்பப் போடுவதுமாக இது பதினாலாவது தடவை.

"அக்கா, நீங்க ஆதாரம்னு காட்டுற பேப்பர் லிங்க் திறக்கவே மாட்டேங்குது," என்றான் வில்மர். பக்கங்களைப் பூட்டவும் திறக்கவும் அதிகாரம் உள்ளவன். அதனால் எல்லாத் தலைவலியும் அவனுக்குத்தான்.

"லிங்க் செத்தாலும் ஆதாரம் சாகாது. களஞ்சியத்தோட விதிக் கையேட்டைப் படி." கைப்பையிலிருந்து லேமினேட் செய்த பேப்பர் துண்டை எடுத்து மேசையில் போட்டாள். பதினொரு வருடத்துக்கு முந்தைய மரண அறிவிப்பு.

அப்போது தோளில் அக்கார்டியனோடு ஒரு பெரியவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். நேராக வில்மரைப் பார்த்தே பேசினார்.

"நான்தான் எலியேசர். அழிக்கிறதும் நான்தான். அடுத்த வாரம் கார்னிவல் திருவிழா. உங்க பக்கத்தைப் பார்த்துட்டு மூணு குழுவுல போனை வெச்சுட்டானுங்க. செத்தவனை யாருய்யா வாசிக்கக் கூப்பிடுவான்?"

வில்மர் பதறிப்போய் நாற்காலி போட்டு, கருங்காப்பி ஊற்றிக் கொடுத்தான். பெரியவர் கையை நீட்டுவதற்குள் நூபியா சர்க்கரை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தன்னைப் பத்தித் தானே சொல்றது ஆதாரம் ஆகாது," என்றாள் வெடுக்கென்று. "அச்சுல வந்திருந்தா காட்டச் சொல்லு."

"தம்பி, மூச்சு விடுறேனே, அது போதாதா?"

"போதாது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

வில்மருக்கு எரிச்சல் தலைக்கேறியது. அந்தக் கையேட்டை எழுதியவன் கையில் கிடைத்தால் நாலு அறை விடலாம் போலிருந்தது. கண்ணெதிரே காப்பி குடிக்கிற மனுஷன், விதிப்படி பிணம்!

"சரிங்கய்யா, நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கையில இந்த அறிவிப்பைப் பேப்பருக்குக் குடுத்தது யாரு?"

பெரியவர் அந்தப் பேப்பர் துண்டைக் கையில் எடுத்து ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு எட்டாத தூரத்துக்குப் போய்விட்ட சர்க்கரை டப்பாவைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"உன்னை விட்டு ஓடிப்போனது தப்புதான்டி, நூபியா. அதுக்காகப் புருஷனையே சாகடிப்பியா?"