அந்தப் படம் மட்டும் வேண்டாம்

யோன்னா தட்டியைத் திருப்பி, படம் தன் வயிற்றோடு ஒட்டியிருக்கும்படி பிடித்துக்கொண்டு நின்றாள்.

பள்ளி முற்றம் நிரம்பிவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் அந்தப் பெரிய கதவு திறக்கும். படிப்பை முடித்த பிள்ளைகள் வெள்ளைத் தொப்பியோடு கத்திக்கொண்டே படியிறங்கி ஓடிவருவார்கள்.

ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் குச்சியில் அறைந்த ஒரு தட்டி. அதில் பிள்ளையின் சின்ன வயசுப் படம், பெரிதாக. கீழே பெயர்.

மற்றவர்களின் படங்கள் எல்லாம் ஏற்கெனவே தலைகளுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன.

எல்வீரா கேட்டிருந்தது குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படம். ஐந்து வயதில் எடுத்தது.

"அம்மா, ரெண்டு வயசுல எடுத்தியே, ப்ளூபெர்ரிப் பழம் அப்பின மூஞ்சி, அந்தப் படம் மட்டும் வேண்டாம். அதுல நான் பையன் மாதிரி இருக்கேன். என் மானத்த வாங்கிடாதே."

யோன்னா சரி என்றாள். பிறகு போய் ப்ளூபெர்ரி மூஞ்சியையே அச்சடித்து வாங்கி வந்தாள்.

மகள்மேல் கோபம் எதுவும் இல்லை. இது யெஸ்பருக்கு.

யெஸ்பர் போன வருடம்தான் குடும்பத்தோடு இந்த ஊருக்குத் திரும்பியிருந்தான். அவன் மனைவி சிசிலியாவின் முதல் திருமணத்து மகள் எப்பாவும் எல்வீராவின் வகுப்புதான். யெஸ்பருக்கும் சிசிலியாவுக்கும் பிறந்தவன் நிஸ்ஸே. இரண்டு வயது.

குளிர்காலத்தில் ஒரு பெற்றோர் கூட்டம் நடந்தது. இந்த வயசுப் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று ஆளுக்கொன்றாகப் புலம்பிக்கொண்டிருந்தபோது யெஸ்பர் காபிக் கோப்பையோடு எழுந்தான்.

"சரியான வயசுல பெத்துக்கிட்டா இந்தப் பாடே இல்லைங்க. முப்பத்தஞ்சு. அதுவரைக்கும் நான் காத்திருந்தேன்ல? தானே குழந்தையா இருக்கறப்ப பெத்துக்கிட்டா, ரெண்டு பேரையும் யாரு வளக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். சிலர் யோன்னாவைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைக் காபிக்குள் மறைத்துக்கொண்டார்கள். அந்த அறையில் நாற்பதைத் தொடாத அம்மா அவள் ஒருத்திதான். எல்வீராவின் முதல் வகுப்பிலிருந்தே, "அம்மா வரலையா?" என்று அவளிடமே கேட்டுப் பழகிய கூட்டம் அது.

கலையும்போது யெஸ்பர் நேராக அவளிடம் வந்தான். மனைவி பக்கத்தில் இருந்தாள். கையை நீட்டினான்.

"நான் யெஸ்பர். உங்களை இதுவரைக்கும் பார்த்ததில்லையே?"

யோன்னா அந்தக் கையைக் குலுக்கினாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

இதே கதவிலிருந்து அவளும் ஓடிவந்திருக்க வேண்டியவள்தான்.

பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய அந்த ஜூனில் எல்வீரா பிறந்து மூன்று வாரம். ஜன்னலோரம் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது லாரிச் சத்தம் கேட்டது. பிர்ச் மரக்கிளைகள் கட்டிய லாரியில், படிப்பை முடித்த அவளுடைய வகுப்பு ஆடிப் பாடிக்கொண்டு அவள் தெருவுக்குள் வந்தது. பிள்ளையோடு எழுந்து எட்டிப் பார்த்தாள். எல்லோரும் கையசைத்தார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு லாரிக்குள் குனிந்துகொண்டான்.

யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சியவன் அவன். அவளும் சொல்லவில்லை. எல்வீராவிடம்கூட. அப்பா யார் என்று கேட்பதை எல்வீராவும் ஒரு வயதுக்குமேல் விட்டுவிட்டாள்.

யெஸ்பர் வந்துவிட்டான். சிசிலியாவின் கையில் எப்பாவின் தட்டி. நிஸ்ஸே அவன் தோள்மேல் உட்கார்ந்து, அவன் தலைமுடியைக் கடிவாளம்போல் பிடித்திருந்தான்.

யோன்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர்களை ஒட்டி நின்றாள். சிசிலியா சிரித்து, கொஞ்சம் நகர்ந்து இடம்கூடக் கொடுத்தாள்.

கதவு திறந்தது. முற்றமே அலறியது.

யோன்னா தட்டியைத் திருப்பித் தூக்கினாள்.

படம் நிஸ்ஸேயின் முகத்துக்கு நேராக, அவன் எட்டித் தொடும் தூரத்தில் வந்து நின்றது.

நிஸ்ஸே அதைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. முடியை விட்டுவிட்டு விரலை நீட்டினான்.

"நிஸ்ஸே!" என்று கத்தினான். "அப்பா, நிஸ்ஸே!"

"அட, ஆமா!" சிசிலியா யோன்னாவைப் பார்த்துச் சிரித்தாள். "இது நம்ம நிஸ்ஸேதானே? இந்தப் படம் எப்படி உங்ககிட்ட..."

அப்போதுதான் படத்துக்குக் கீழே இருந்த பெயரைப் படித்தாள்.

படத்தைப் பார்த்தாள். தோள்மேல் இருந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு, அதற்குக் கீழே இருந்த முகத்தை.

தோளில் பிள்ளை இருந்ததால் யெஸ்பரால் குனிய முடியவில்லை.

படியின் உச்சியில் எல்வீரா வந்து நின்றாள். வெள்ளைத் தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. கண்ணுக்குமேல் கையை வைத்து, தலைகளுக்கு மேலே குதிரையைத் தேடினாள்.

யோன்னாவின் கை ஒரு கணம் தாழ்ந்தது.

பிறகு தட்டியை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தாள்.

இத்தனை கூட்டத்தில் தன் குடும்பம் எங்கே நிற்கிறது என்று பிள்ளை கண்டுபிடிக்கத்தானே இந்தத் தட்டி.