விழுப்புரத்தில் ஒரு டிரேடு

சீசன் முடிந்து மதுரை கூடைப்பந்து அணிக்குப் புதிய கோச் வந்தார். காலையில் பொறுப்பேற்றவர் மதியமே செந்தில்வேலைச் சென்னை அணிக்குக் கொடுத்து, அங்கிருந்து ஜெபசிங்கை வாங்கிக்கொண்டார். லீக் விதிப்படி ஆட்டக்காரர்களோடு அவர்கள் வீடும், பிள்ளைகளின் பள்ளி இடமும் அன்றே கைமாறும்.

தானே ஓடும் மின்சார வேனில் செந்தில்வேலின் மகள் தேன்மலர் அழுதுகொண்டே வந்தாள். "அங்க எனக்கு யாரையுமே தெரியாதும்மா." செந்தில்வேலின் மனைவி உமையாள் அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். பிள்ளை நாளைக்குப் பள்ளியில் தனியாக நிற்கக் கூடாது முருகா என்று வேண்டிக்கொண்டாள்.

விழுப்புரத்தில் சார்ஜ் ஏற்ற நின்றபோது, எதிரே வந்த ஜெபசிங் குடும்பமும் அங்கே இறங்கியது. அவர் மகள் ரெபேக்காவுக்கும் அழுது கண் வீங்கியிருந்தது.

"புது கோச் எப்படிண்ணே?" என்றார் ஜெபசிங்.

"எப்படின்னு பாக்க எங்க விட்டாரு? வந்ததும் என்னைத்தானே தூக்குனாரு!" என்று செந்தில்வேல் சிரித்தார்.

உமையாள் ரெபேக்காவிடம் ஒரு முறுக்கை நீட்டினாள். அவள் அதை ஒடித்துப் பாதியைத் தேன்மலருக்குக் கொடுத்தாள். பிறகு வேன் கிளம்பும்வரை இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் சென்னைப் பள்ளி வாசலில் தேன்மலர் அம்மாவின் கையை இறுகப் பிடித்திருந்தாள். மூன்று சிறுமிகள் ஓடி வந்தார்கள்.

"நீதானே தேன்மலர்? ரெபேக்கா போன்ல சொன்னா. எங்களை உனக்குக் குடுத்துட்டாளாம்!"

"நானும் என் ஃப்ரெண்ட்ஸை அவளுக்குக் குடுத்துட்டேனே!"

தேன்மலர் அம்மாவின் கையை விட்டுவிட்டு அவர்களோடு உள்ளே ஓடினாள். உமையாள் தெருவென்றும் பாராமல் கைகூப்பினாள்.